இரண்டாவது வரியை நான் வாசிக்கவில்லை, சுகி

என் செல்லத் தங்கச்சி சுகிக்கு,

உன் முதலாம் வருஷ ஆட்டைத் திவசம் போன கிழமை முடிந்தது. ஐயர் நேரத்துக்கு வந்துவிட்டார். உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். படையலுக்கு ஆக்கும்போது உப்புப் பார்க்கக் கூடாது என்பதால் பாராமலே இறக்கினேன். உன் அத்தான் சாப்பிட்டுவிட்டு உப்புக் கூட என்றார். உன் மகள் நிலாவும் சாப்பிட்டாள். கொஞ்சம்தான் சாப்பிட்டாள்.

உன் படத்தோடு நினைவஞ்சலியாகப் பேப்பரில் போட நாலு வரி எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். ‘அன்பும் பொறுமையும் உருவானவள்’ என்று தொடங்கினேன். அதற்கு மேலே கை ஓடவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது எனக்கு வேறொன்று இருக்கிறது. அதை அதே பேப்பரில் நாலு பேர் பார்க்கச் சொல்வதுதான் முறை என்று நினைக்கிறேன். ஏனென்றால் நீ படுக்கையில் கிடந்த ஒரு வருஷமும் நாலு பேர் முன்னால்தான் என்னைப் புகழ்ந்தார்கள். “அக்கா எண்டால் உப்பிடியல்லோ இருக்கவேணும்” என்று கோயில் மண்டபத்தில் என் காது படவே சொன்னார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு அதை வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கொம்பியூட்டர் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அத்தான் துப்புரவு வேலை செய்கிற டோர்வல் பக்கத்துக் கொம்பனிக் கந்தோர் ஒன்றில் பழையவற்றைக் கழித்துவிட்டார்கள். மஞ்சள் பிடித்த பெட்டி. பென்டியம் மூன்று. உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தெடுத்து வெறும் கோதாகக் கொடுத்திருந்தார்கள். பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, “சுகி, உனக்கொரு வாய் கொண்டந்திருக்கிறன்” என்றார்.

நீ அப்போது கொஞ்சம் கதைப்பாய். குழறலாக வரும், ஆனால் வரும். “பல்லும் இருக்கோ அத்தான்?” என்று கேட்டாய்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பில் உன் கழுத்து ஒரு பக்கம் சரிந்தது. நான் பிடித்து நிமிர்த்தினேன். நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நிற்கிற நோய் என்று டொக்டர் சொல்லி அப்போது நாலு மாதம். முதலில் நாக்கு, பிறகு விழுங்குவது, பிறகு கை என்று அவர் ஒழுங்குமுறையாகச் சொல்லியிருந்தார். நீயும் நிலாவும் உங்கள் வாடகை வீட்டை விட்டு எங்களுடைய பியர்பொன்ட்ஸ் வீட்டுக்கு வந்து ஒரு மாதம். கீழ் வீட்டு ஹோலில், ஜன்னலோரம் உன் கட்டில்.

கண்ணாலேயே இயக்கக்கூடிய கருவி ஒன்றுக்கு உன் பெயர் வரிசையில் இருந்தது. வரிசை நீளம். புதுக் கொம்பியூட்டர் ஒன்று வாங்குவோம் என்று அத்தான் சொன்னார். நீதான் மறித்தாய். “எத்தினை மாசத்துக்கு?” என்று கேட்டாய்.

ஆகவே அந்தப் பழைய பெட்டிதான் என்று முடிவானது. அதை ஓட வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நூலகத்தில் எடுத்த தடித்த ஆங்கிலப் புத்தகம், அகராதி, கேட்டால் தபாலிலேயே இலவசமாக அனுப்பிவைக்கும், கொம்பியூட்டரை இயக்குகிற லினக்ஸ் என்ற மென்பொருளின் சிடித் தட்டு, இவ்வளவும் வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் குந்தினேன். சோறு இரண்டு தரம் அடிப்பிடித்தது. மூன்றாம் நாள் பெட்டி உயிர் பெற்றது. திரை வெளிச்சம் வந்ததும் நான் பிள்ளையார் படத்துக்குப் போய் விபூதி எடுத்து வந்து பெட்டியின் நெற்றியில் பூசினேன். “அதுக்கு நெத்தி எது எண்டு எப்பிடித் தெரியும்?” என்று நீ கேட்டாய்.

லினக்ஸில் ஒரு வசதி, ஒரே பெட்டிக்கு வேறு வேறு முகப்புகளைப் போட்டுப் பார்க்கலாம். டெஸ்க்டொப் என்பார்கள். சிலது பாரமானது, சிலது லேசானது. பெட்டி பழசென்றால் பாரத்தைத் தாங்காது, ஆகவே பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டும். உனக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். பெண் பார்க்கிற மாதிரி நீ ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னாய். கேடிஇயைப் பார்த்து, “கலியாண மண்டபம், மாப்பிள்ளை வர முதலே களைச்சுப்போகும்” என்றாய். குனோம், “கோயில் செயலாளற்ரை கந்தோர்.” எக்ஸ்எஃப்சிஇ, “ஆசுப்பத்திரி, ஆனா நல்ல ஆசுப்பத்திரி.” எல்லாவற்றிலும் லேசானது ஐஸ்டபிள்யூஎம் என்ற ஒன்று. சாம்பல் நிறத் திரை, கீழே ஒரு பட்டை, அவ்வளவுதான். பெயரைச் சொன்னதும் நீ ஜன்னலுக்கு வெளியே காட்டினாய். “அக்கா, வெளியிலை கிடக்கிறது காணாதெண்டே உள்ளுக்கும் ஐஸ் கொண்டு வாறியள்?”

எக்ஸ்எஃப்சிஇயைத்தான் முதலில் வைத்தோம். நிலா பனியில் சறுக்கி வருகிற படத்தைத் திரையின் பின்னணியாகப் போட்டுத் தந்தேன். உன் சுட்டுவிரல் அப்போது வேலை செய்தது. திரையில் விரிந்திருக்கும் எழுத்துகளை மவுஸ் என்கிற எலியால் ஒவ்வொன்றாக அழுத்தி, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவாய். ‘தண்ணி’. ‘கால் நோகுது’. ‘நிலாவின்ரை தலைமயிரைப் பின்னி விடுங்கோ’. திரையின் மூலையில் ஒரு மணிப் படம், அதை அழுத்தினால் பெட்டி மணியடிக்கும். நான் சமையலறையில் இருந்து ஓடி வருவேன்.

இனித்தான் என் கணக்கு.

எனக்கு எதையும் எழுதி வைத்தால்தான் மனம் அடங்கும் என்பது உனக்குத் தெரியும். உன் மருந்துக்கு ஒரு கொப்பி, குழாயால் கொடுக்கும் சாப்பாட்டுக்கு ஒரு கொப்பி, ஃப்ரீசருக்குள் இருப்பதற்கு ஒரு கொப்பி. பெட்டிக்கும் ஒன்று தொடங்கினேன். நினைவகம் எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற ஒரு கட்டளை இருக்கிறது. அடித்தால் மூன்று வரி வரும். காலையில் விளக்குக் கொளுத்திக் கும்பிட்டதும் போய் அதை அடித்து, வந்த மூன்று வரியையும் அப்படியே பார்த்து எழுதுவேன். முதல் வரியில் நிற்கும் ‘மிச்சம்’ என்ற எண்ணை மட்டும் சிவப்பு மையால் சுற்றுவேன். மொத்தம் இருநூற்றைம்பது மெகாபைட். மிச்சம் ஆறு.

ஆறு! அரிசி வாளிக்குள் கையை விட்டால் அடி தட்டுப்படுகிற மாதிரி இருந்தது. இந்த ஆறும் முடிந்தால் பெட்டி நின்றுவிடும், பெட்டி நின்றால் நீ கூப்பிட வழியில்லை. அப்படித்தான் என் மூளை ஓடியது. கழிக்கத் தொடங்கினேன். முதலில் நிலாவின் படத்தை எடுத்தேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மணிக்கூடு. பிறகு எக்ஸ்எஃப்சிஇயையே எடுத்துவிட்டு, நீ பகிடி பண்ணிய ஐஸைப் போட்டேன். அடுத்த நாள் காலை விளக்குக் கொளுத்திவிட்டு வந்து பார்த்தால் மிச்சம் ஏழு. அதற்கடுத்த நாள் ஐந்து. என்னத்தை எடுத்தாலும் அந்த எண் எழும்பவில்லை. எங்கேயோ ஓட்டை இருந்து வடிகிற மாதிரி. கோயிலுக்குப் போய், இந்த மிச்சம் மூன்று இலக்கமாக வந்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் பிள்ளையாரே என்று நேர்ந்தேன். சிரிக்காதே.

ஆவணி முடிவில் உன் சுட்டுவிரலும் போயிற்று. உள்ளங்கை மட்டும் கொஞ்சம் உருண்டது. அத்தான் பெரிய பந்து பூட்டிய எலி ஒன்று தேடிக்கொண்டு வந்தார். பந்தை உருட்டி அம்புக்குறியை எழுத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்த உன்னால் முடிந்தது. அழுத்தத்தான் முடியவில்லை.

அப்போதுதான் புத்தகத்தில் ஒன்றைக் கண்டேன். குனோமின் புதிய பதிப்பில், அம்புக்குறியைக் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தாலே அழுத்தின மாதிரி எடுத்துக்கொள்ளும். புதுத் தட்டு தபாலில் வந்ததும் போட்டேன். நீ உருட்டினாய், நிறுத்தினாய். எழுத்துத் தானாக விழுந்தது. இன்னொன்று விழுந்தது. ஒரு வரி முழுக்க நீயே எழுதினாய்: ‘அக்கா, போய்க் குளியுங்கோ, மணக்குது.’

ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் ஜன்னல் பக்கம் திரையைத் திருப்பி வைக்கச் சொன்னாய். என்ன எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியாது. எழுதுவாய், அழிப்பாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கட்டுரைக்கு முதல் வசனம் தேடுகிற மாதிரி இருந்தாய். உன் முகத்தில் வேலையில் இறங்கியவளின் மும்முரம் இருந்தது.

ஆறாம் நாள் காலை நான் சமையலறையில் நிற்கும்போது குனோம் உறைந்துவிட்டது. அம்புக்குறி அசையவில்லை. அதே நேரம் உன் தொண்டையில் எச்சில் அடைத்துவிட்டது. மணிப் படத்தைத் தொட நீ முயன்றிருப்பாய். நான் தற்செயலாகத்தான் எட்டிப் பார்த்தேன். உன் உதடு நீலமாகியிருந்தது. உறிஞ்சும் குழாயை எடுத்து எப்படி விட்டேனோ தெரியாது. நீ மூச்சை இழுத்ததும் நிலத்தில் குந்தி அழுதேன். அன்று மத்தியானமே குனோமைக் கழற்றிவிட்டு ஐஸைத் திரும்பப் போட்டேன். நீ எழுதிக்கொண்டிருந்தது சேமிக்காமலே போய்விட்டது. கொப்பியில் ‘பாரம் தாங்கவில்லை’ என்று எழுதி இரண்டு கோடு அடித்தேன்.

இந்த இடம் வரைக்கும் என்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நீயும் சொல்லியிருக்க மாட்டாய்.

அதற்குப் பிறகு பகல் முழுக்க உன் கட்டிலடியில்தான் இருந்தேன், நான்தான் உன் விரல். நீ பந்தை உருட்டி எழுத்துக்கு மேலே கொண்டுபோவாய், மூக்கால் ‘ம்’ என்பாய், நான் அழுத்துவேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ‘ம்’. நீ டொக்டருக்குச் சொன்னது, நிலாவை ஏசியது, அத்தானின் மீசையைப் பற்றிய பகிடி, எல்லாம் என் விரலுக்குள்ளால்தான் போனது.

ஐப்பசியில் ஒரு நாள் எழுத்தெழுத்தாக இப்படி எழுத வைத்தாய்: ‘எனக்குத் தனிய எழுத வேணும். மற்றதைப் போடுங்கோ.’

“அதுக்கு மெமரி காணாது சுகி. ஆறுதான் மிச்சம்.”

‘எப்பவும் ஆறு.’

“அண்டைக்கு உறைஞ்சு நிண்டது மறந்துபோச்சே? செத்திருப்பாய்.”

‘செத்தால் செத்திட்டுப் போறன்.’

“வாயை மூடு!” என்று கத்தினேன். பேச முடியாத உன்னைப் பார்த்து. சொல்லிவிட்டு நான் திகைத்துப்போய் நின்றேன். உன் கண் சிரித்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது. நீ திரும்பவும் பந்தை உருட்டத் தொடங்கினாய், உன் கோரிக்கைக்கும் மறுத்தவளின் விரலே தேவைப்பட்டது. இதோடு சேர்த்து மூன்று தரம் கேட்டாய். கொப்பியில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். மூன்று தரமும் சிவப்பு எண்ணைக் காட்டினேன்.

கடைசியாகக் கார்த்திகையில், ‘கண்ணை மூடிக்கொண்டு அமத்துங்கோ’ என்றாய்.

ஓம் என்றேன். உன் பக்கத்தில் கதிரையைப் போட்டு, எலியின் பொத்தானில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ‘ம்’. அழுத்தினேன். பந்து உருளும் மெல்லிய சத்தம். ‘ம்’. அழுத்தினேன். இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு இடத்தில் நீண்ட நேரம் ‘ம்’ வரவில்லை. மூச்சு நின்றுவிட்டதோ என்ற பயத்தில் கண்ணைத் திறந்தேன். அன்றைக்கு எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், உன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

திரையில் இரண்டு சொல் நின்றது. ‘நிலா, பெரியம்மா’. அதற்குப் பிறகு ஒரு இடைவெளி.

நீ என்னைப் பார்த்தாய். கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அம்புக்குறியை அழிக்கும் பொத்தானுக்குக் கொண்டுபோனாய். ‘ம்’. நான் அழுத்தினேன். ‘ம்’. அழுத்தினேன். இரண்டு சொல்லும் திரையை விட்டுப் போகும்வரை என் விரலாலேயே அழித்தேன். பிறகு எனக்காக ஒன்று எழுத வைத்தாய்: ‘தேத்தண்ணி குடியுங்கோ.’

பதினொரு நாளில் உனக்கு நெஞ்சுச் சளி கட்டியது. அம்புலன்ஸ்காரர் கட்டிலோடு தூக்கும்போது முற்றத்துப் பனியில் ஒருவருக்குக் கால் சறுக்கியது, நீ கண்ணை மூடித் திறந்தாய். ஆசுப்பத்திரியில் மூன்று நாள். அங்கே பெட்டியும் இல்லை, ‘ம்’ சொல்லவும் உனக்கு மூச்சில்லை.

நிலா செத்தவீட்டில் கேட்டாள், “அம்மா எனக்கு ஏதும் சொன்னவாவோ பெரியம்மா?” ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பொய். அந்த இரண்டு சொல்லைச் சொன்னால், நான் எட்டிப் பார்த்ததையும் சொல்ல வேண்டிவரும்.

இப்போது நடந்த செய்திக்கு வருகிறேன்.

றொக்ஸ்பரோவில் ஒரு மட்டக்களப்பு அம்மா பாரிசவாதம் வந்து வாயும் கைவிரல்களும் போய்க் கிடக்கிறா. உன் பெட்டியை அவவுக்குக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். கொடுக்க முதல் ஒருக்கால் பார்த்துத் தரும்படி வசுமதியைக் கூப்பிட்டேன். நீ கண்டதில்லை, சென்னைப் பெண், கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை, வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருவாள். வந்தவள் பெட்டியைப் பார்க்கவில்லை, என் கொப்பியைத்தான் பார்த்தாள்.

“இது என்னக்கா, பால் கணக்கா?”

“மெமரிக் கணக்கு தங்கச்சி.”

“தினமுமா? எங்க ஆபீஸ்ல சம்பளம் குடுத்துச் செய்யச் சொன்னாலும் ஒருத்தனும் இப்படி எழுதமாட்டான்.” தாளைப் புரட்டினாள். “ஏன் முதல் வரிக்கு மட்டும் சிவப்பு?”

“மிச்சம் அதுதானே.”

“இல்லக்கா. மிச்சம் இது.” விரலை ஒரு வரி கீழே இறக்கினாள். “நூத்தி இருபத்தெட்டு.”

எனக்கு விளங்கவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். சும்மா கிடக்கிற நினைவகத்தைப் பெட்டி சும்மா விடாதாம். முன்னர் வாசித்தவற்றை அதில் அடுக்கி வைத்துக்கொள்ளுமாம், திரும்பக் கேட்டால் கெதியாகக் கொடுக்க. ஆனால் யாருக்காவது இடம் தேவை என்றால் உடனே ஒதுங்கிக் கொடுத்துவிடுமாம். முதல் வரி அந்த அடுக்கையும் செலவு என்று காட்டும். அடுக்கைக் கழித்துவிட்டு உண்மையான மிச்சத்தைச் சொல்வது இரண்டாவது வரி.

“அப்ப அந்தக் குனோமைப் போட்டிருக்கலாமோ?”

“தாராளமா. மெதுவாத்தான் ஓடும். ஆனா ஓடியிருக்கும்.”

“ஒரு நாள் உறைஞ்சு நிண்டதே?”

“அது பின்னாடி ஃபைலையெல்லாம் துருவி அட்டவணை போட்டுக்கிட்டிருக்கும்க்கா. பழைய மெஷின்னா அப்பப்ப மூச்சு முட்டும். அதை நிறுத்திடலாம். ஒரு டிக்கை எடுத்துவிட்டா போதும்.”

ஒரு டிக்.

அவளிடம் நேர்த்திக்கடனைப் பற்றிச் சொன்னேன். மூன்று இலக்கம் வந்தால் நூற்றெட்டுத் தேங்காய் என்று. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “அப்போ சாமி முதல் நாளே குடுத்துட்டாரு. நீங்கதான்...” என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

அவள் போன பிறகு கொப்பியை முதல் தாளில் இருந்து பார்த்தேன். நூற்றுப் பத்து. நூற்று முப்பத்தொன்று. நூற்றிருபத்தாறு. ஒரு நாள் விடாமல் இரண்டாவது வரியை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், சுகி. முத்து முத்தாக. எழுதினேன், வாசிக்கவில்லை. நீ மூன்று தரம் கேட்ட மூன்று நாளிலும் அது அங்கே நிற்கிறது.

இது அறியாமையால் நடந்தது என்று அத்தான் சொல்கிறார். “நீ என்ன படிச்ச எஞ்சினியரே? விடு.” விடத்தான் பார்த்தேன். பிள்ளையாருக்கு முன்னால் இருந்து யோசித்துப் பார்த்தால் வேறொன்று எட்டிப் பார்க்கிறது. புத்தகத்தில் எத்தனையோ கடினமான பக்கங்களை அகராதி வைத்து விளங்கிக்கொண்டவள் நான். அந்த வரி என்னவென்று மட்டும் ஏன் தேடிப் பார்க்கவில்லை? நீ தனிய எழுதிய ஐந்து நாளும் நான் வீட்டுக்குள் வேலையில்லாதவள் மாதிரித் திரிந்தேன். குனோமைக் கழற்றிய பிறகு, உன் சொல்லெல்லாம் என் விரலால் வரத் தொடங்கிய பிறகு, எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. பயத்தோடு கூட அதுவும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா? அதனால்தான் பிறகு கேட்பதை நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னாயா?

நிலாவுக்குச் சொன்னேன். திவசத்துக்கு முதல் நாள், அவள் சமையலறை மேசையில் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருக்கும்போது, கொப்பியையும் விரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்கள் பாக்காட்டி அம்மா எழுதி முடிச்சிருப்பாவோ?”

“ஓம்.”

“மற்றதைப் போட்டிருந்தால்?”

“எத்தினையோ பக்கம் எழுதியிருப்பா பிள்ளை.”

அவளுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சுதான் வரும். நின்றபடி நெடுநேரம் பிரெஞ்சில் கதைத்தாள். பாதி எனக்கு விளங்கவில்லை. கடைசியில் தமிழில் ஒன்றே ஒன்று கேட்டாள். “நீங்கள் ஏன் பாத்தனீங்கள்?” மேலே போய்க் கதவைச் சாத்தினாள்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். நிலாவின் தகப்பன் லண்டனில் இருந்து நெடுகப் போன் எடுக்கிறார். அவளைத் தன்னிடம் வரச் சொல்லிக் கேட்கிறார். உன்னைப் பிரிந்து போன மனுஷன்தான், ஆனாலும் அவளுக்குத் தகப்பன். அவளுக்குப் பதினைந்து வயது, அவள்தான் முடிவு சொல்ல வேண்டும். எனக்குப் பிள்ளையில்லை என்பது உனக்குத் தெரியும். இந்த இரண்டு வருஷமும் அவளுக்குத் தலை பின்னியது என் கை.

அத்தான் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னார். “‘பெரியம்மாவோட இரு’ எண்டு எழுத வந்தவா எண்டு சொல்லன். அப்பிடித்தானே இருக்கும்? பிள்ளைக்கும் ஆறுதல்.” அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

திவசம் முடிந்து இரண்டாம் நாள் நிலா தானாக வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

“பெரியம்மா சொல்லுக் கேள் எண்டு எழுத வந்திருப்பாவோ?”

“தெரியாது பிள்ளை.”

“பெரியம்மாவோட இரு எண்டு?”

அவள் முகத்தைப் பார்த்தேன். ஓம் என்று சொல்லியிருந்தால் அவள் என்னோடு நின்றிருப்பாள், சுகி. அவளுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதை வைத்துக்கொண்டு என்னை மன்னிக்கவும் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“தெரியாது” என்றேன். “‘பெரியம்மாவை நம்பாதை’ எண்டும் எழுத வந்திருக்கலாம். ‘பெரியம்மா பாவம்’ எண்டும் இருக்கலாம். ரெண்டு சொல்லுத்தான் பிள்ளை நான் கண்டனான்.”

“நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

“நான் நினைக்கிறதைக் கொம்மாவின்ரை வாயிலை வைக்கேலாது.”

அவள் எழும்பி மேலே போய்விட்டாள். நேற்றுக் காலை சொன்னாள், பள்ளிக்கூடம் முடிய ஆனியில் லண்டனுக்குப் போவதாக. கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கடுமையாக இருக்கிறது. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க நாளைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பெட்டி றொக்ஸ்பரோவுக்குப் போய்விட்டது. குனோமையே போட்டேன், வசுமதி சொன்ன டிக்கை எடுத்துவிட்டு. மணிப் படத்தை மட்டும் நம்பவில்லை, கையில் கட்டும் தனி மணியும் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மா பந்தை உருட்டி நிறுத்தி முதல் எழுத்து விழுந்ததும் நான் எழும்பினேன். மருமகள், “பக்கத்தில இருந்து பாக்கல்லியா அக்கா?” என்று கேட்டாள். அவளையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். இதை வாசிக்கிற யாருடைய வீட்டிலாவது இப்படி ஒருவர் கிடந்தால், பெட்டிக்கு எது லேசு என்று பார்க்க முதல், கிடப்பவருக்கு எது வேண்டுமென்று கேளுங்கள். பயமென்றால் கதவுக்கு வெளியே நில்லுங்கள்.

சுகி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீ தொடங்கிய வசனத்தை நான் முடிக்க மாட்டேன். நிலா லண்டனுக்குப் போய்ப் பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும், தன் கலியாணத்தன்று கேட்டாலும், நான் படுக்கையில் விழுந்து அவள் வந்து காலடியில் இருந்து கேட்டாலும், இரண்டு சொல்தான் கண்டேன் என்றே சொல்வேன். ஊர் ஆளுக்கொரு முடிவு சொல்லும். அதற்கெல்லாம் தலையாட்ட மாட்டேன். அந்த இடைவெளி உன்னுடையது. அது அப்படியே இருக்கட்டும்.

கண்ணை மூடியிருக்க மாட்டாத
உன் கூடப்பிறந்த அக்கா,
தவம்
பியர்பொன்ட்ஸ், மொன்றியல்